பெட்டுக்குப் போடற காசு மண்ணுக்குப் போற காசு இல்லீங்க

போன தடவை கடலைக்கொடி பறிக்க ஆள் கிடைக்காத கதைய எழுதியிருந்தேன். இந்தத் தடவை அந்தக் கடலைய ஆட்டற எடத்துச் சமாச்சாரம். கொஞ்சம் கோபத்தோடதான் எழுதறேன். சொந்தக்காரங்க சிலபேர் படிச்சா வருத்தப்படுவாங்க. பரவாயில்லை, வருத்தப்பட்டாலும் படிங்க.

எங்க ஊர்ல விவசாயிங்க நாப்பது பேர் சேந்து ஒரு குழு வச்சிருக்கோம். கடலையும் கொப்பரையும் ஆட்ட ஒரு எக்ஸ்பெல்லர் வாங்கறதுன்னு முடிவாகி, முன்பணமும் கட்டியாச்சு. காங்கேயம் பக்கத்து ஆளுகளுக்கு எண்ணெய் மில்லு ஒண்ணும் புதுசு இல்லை. ஆனா நம்ம சொந்த மில்லுங்கறது புதுசு. நாலு லட்சத்துக்கு மேல ஆகுது. ஆளாளுக்கு மாட்டை வித்தும் நகைய வச்சும் போட்ட காசு அது.

போன வாரக் கூட்டத்துல எஸ்டிமேட்டை வாசிச்சாங்க. கூரைக்கு இவ்வளவு, ஒயரிங்குக்கு இவ்வளவு, பெயிண்டுக்கு இவ்வளவு, பேர்ப்பலகைக்கு இவ்வளவு. எந்திரம் உக்கார்ற பெட்டுக்கு ஒரே ஒரு வரி: "காங்கிரீட் தளம், 8க்கு 4, அரை அடி கனம்." அவ்வளவுதான். பேர்ப்பலகைக்குப் போட்ட தொகை இதைவிட ஜாஸ்தி.

நான் எந்திரிச்சு, "அரை அடி பத்தாதுங்க"ன்னு சொன்னேன். ஒரு பெரியவர் சிரிச்சுக்கிட்டே, "ஏனப்பா, நீயே உன்ற மாப்பிள்ளைக்கு அரை அடிதானே போட்டுக் குடுத்தே?"ன்னு கேட்டார். கூட்டமே சிரிச்சுது. நான் உக்காந்துட்டேன்.

ஆமாங்க. போட்டுக் குடுத்தது நாந்தான். அதனாலதான் இதை எழுதறேன்.

2004ல என் தங்கச்சி வீட்டுக்காரர் மாட்டுத்தீவனம் அரைக்கிற மில்லு ஒண்ணு வச்சார். மூணு பேஸ் லைன் அப்ப அவங்க தோட்டத்துக்கு வரலை. அதனால பழைய டீசல் இஞ்சின் ஒண்ணு வாங்கினோம். ஒத்தை சிலிண்டர், ரெண்டு பக்கமும் பெரிய பிளைவீல், 'டுப்பு டுப்பு'ன்னு ஓடுமே, அந்த லிஸ்டர் மாடல். இங்கிலாந்துல அந்தக் காலத்துல செஞ்ச இஞ்சினைப் பாத்து ராஜ்கோட்டுல செய்யறது. 6 குதிரை சக்தி, நிமிசத்துக்கு 650 சுத்து. எடை கிட்டத்தட்ட 350 கிலோ வரும்.

பெட் போடணும்னு கொத்தனார் கேட்டப்ப மாப்பிள்ளை என்னைப் பாத்தார். எனக்கு அப்ப முப்பத்தஞ்சு வயசுகூட இருக்காது, எல்லாம் தெரிஞ்ச மாதிரி நினைப்பு. "அரை அடி போதும் மாப்ள. மண்ணுக்குள்ள எதுக்குக் காசைப் புதைக்கிறது?"ன்னு சொன்னேன். 5 அடி நீளம், 3 அடி அகலம், அரை அடி கனம். கீழ கரிசல் மண்ணு. மேல கொஞ்சம் கல்லைப் போட்டுக் குத்தி, கலவைய ஊத்தி, மூணாம் நாள் இஞ்சினை ஏத்தி, நாலாம் நாள் பூசை போட்டு ஓட்டியாச்சு.

மொதல் வருசம் நல்லா ஓடுச்சு. அடுத்த ஐப்பசி மழைக்கு மண்ணு ஊறுச்சு. அதுக்கடுத்த கோடைக்குக் காய்ஞ்சு வெடிச்சுது. பெட்டு ஒரு பக்கமா அரை அங்குலம் எறங்கி, நடுவுல முடி மாதிரி ஒரு வெடிப்பு. போல்ட்டுல ரெண்டு லூசாயிருச்சு. முறுக்கினா நட்டோட சேந்து போல்ட்டும் சுத்துது. இஞ்சின் புல்லியும் மில்லு புல்லியும் ஒரே நேர்ல இல்லைன்னா பட்டை பெல்ட் என்ன பண்ணும்? ஒரு பக்கமா நடக்கும். கழண்டு விழும். திரும்ப மாட்டினா திரும்ப நடக்கும். மாப்பிள்ளை ஒரு குச்சிய வச்சுத் தள்ளித் தள்ளி ஓட்டிக்கிட்டு இருந்தார். ஒருநாள் குச்சி கைக்கு எட்டலை. கையால தள்ளினார்.

வலது கையில ரெண்டு விரல் போச்சு.

ஊரே என்ன சொல்லுச்சு? "ஓடற பெல்ட்டுல கைய விடலாமா? கவனம் வேண்டாமா?" இன்னிக்கும் அதான் சொல்றாங்க. ஓடற பெல்ட்டுல கை வைக்கிறது தப்புதான், பெல்ட்டுக்கு மறைப்பு போடாததும் தப்புதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா பெல்ட்டு நேரா ஓடியிருந்தா அவர் எதுக்குங்க கைய விடறார்? விரலை எடுத்தது பெல்ட்டு. பெல்ட்டைக் கழட்டுனது பெட்டு. அந்தப் பெட்டுக்கு அளவு சொன்னது நான். இருபது வருசமா இதை நான் யார்கிட்டயும் இப்படி முழுசாச் சொன்னதில்லை.

அந்த மாப்பிள்ளையோட மக, என் மருமக, பாலிடெக்னிக்குல சிவில் படிச்சுட்டு வேலைக்குப் போறா. கூட்டம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து சொன்னேன். "மாமா, மெஷின் பெட்டுக்குன்னே கவர்மெண்ட் தரக் குறிப்பு இருக்கு. ஐ.எஸ். 2974ன்னு பேரு. பிஸ்டன் மேலயும் கீழயும் போற எந்திரத்துக்கு ஒரு பாகம், சுத்தற எந்திரத்துக்குத் தனி பாகம், சம்மட்டி மாதிரி அடிக்கிற எந்திரத்துக்குத் தனி பாகம்"னு சொன்னா. அடக் கடவுளே, இதுக்கெல்லாம் புத்தகமே இருக்குதா! நாம என்னமோ கொத்தனாரும் நாமளும் நின்னு பேசி முடிக்கிற சமாச்சாரம்னு நினைச்சுக்கிட்டு இருக்கறோம்.

அவ சொன்னதை வச்சு நான் போட்ட கணக்கை எழுதறேன். பத்தாவது படிச்சவன் கணக்குத்தான். யாரு வேணா சரிபாத்துக்கலாம்.

பெட்டோட வேலை எந்திரத்தைத் தாங்கறது மட்டும் இல்லை, ஆட்டத்தை அமுக்கறதும்தான். சுவத்துக்குக் கீழ போடற அஸ்திவாரம் அசையாத பாரத்தைத் தாங்குது. எந்திரம் அசையற பாரம். அதனால பெட்டுக்கே எடை வேணும். சாதாரணமா இஞ்சினியருங்க மொதல் கணக்கா எடுத்துக்கறது இது: சுத்தற எந்திரம்னா அதோட எடையப் போல குறைஞ்சது 3 மடங்கு, பிஸ்டன் அடிக்கிற எந்திரம்னா 5 மடங்கு எடை பெட்டுக்கு இருக்கணும்.

காங்கிரீட் ஒரு கன அடி கிட்டத்தட்ட 68 கிலோ. நான் மாப்பிள்ளைக்குப் போட்ட பெட்டு 5க்கு 3க்கு அரை, ஏழரை கன அடி. அதாவது 510 கிலோ. 350 கிலோ இஞ்சினுக்கு 5 மடங்குன்னா 1,750 கிலோ வேணும். மூணுல ஒரு பங்குகூட நான் போடலை.

இப்ப எங்க குழுவோட எந்திரத்துக்கு வருவோம். எக்ஸ்பெல்லர், கியர் பாக்ஸ், மோட்டார் எல்லாம் சேந்து 1,600 கிலோன்னு விக்கிறவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. இது சுத்தற எந்திரம், 3 மடங்கு போதும்னு வச்சாலும் 4,800 கிலோ. 68ஆல வகுத்தா 70 கன அடி. 8க்கு 4 பெட்டுன்னா ரெண்டேகால் அடி ஆழம் வேணும்.

எஸ்டிமேட்டுல இருக்கறது அரை அடி. 16 கன அடி. 1,088 கிலோ. எந்திரத்தைவிட பெட்டு எடை கம்மி! ஆட்டுக்குட்டி முதுகுல எருமைய ஏத்தற வேலை இது. ஏத்திட்டு, "நிக்குதே"ன்னு கைதட்டச் சொல்றாங்க.

காசு எவ்வளவு கூடும்? 72 கன அடிக்கு, 1க்கு ஒண்ணரைக்கு 3 கலவைன்னா, ஏறக்குறைய 16, 17 மூட்டை சிமெண்ட். அரை அடிக்கு 4 மூட்டை. கூடுதல் 13 மூட்டை. மூட்டை 400 ரூபாய்னு வச்சாலும் 5,200. கம்பி 50 கிலோ, ஜல்லி, எம் சாண்ட், குழி வெட்டற கூலி எல்லாம் சேத்து நான் போட்ட கணக்குக்கு பதினாறு, பதினேழாயிரம் கூட வருது. நாலு லட்ச ரூபா எந்திரத்துக்கு. நாப்பது பேருக்குப் பங்கு பிரிச்சா ஆளுக்கு நானூத்திச் சில்லரை. ஒரு மூட்டை சிமெண்ட் காசு.

இனி கூட்டத்துல சொன்ன சமாதானங்களை ஒண்ணொண்ணாப் பாக்கலாம்.

மொதலாவது, "ஏற்கெனவே கட்டடத்துல தளம் நல்லாத்தானே இருக்கு, அது மேலயே அரை அடி ஏத்திரலாம்." கூடவே கூடாதுங்க. எந்திரப் பெட்டு தளத்தோடயும் சுவத்தோடயும் ஒட்டக் கூடாது. தளத்தை வெட்டி எடுத்துட்டு, தனிக் குழி எடுத்து, சுத்தியும் ஒரு இடைவெளி விட்டுத்தான் போடணும். ஒட்டிப் போட்டா எந்திரத்து ஆட்டம் பூராம் தளத்துக்கும் சுவத்துக்கும் போகும். ரெண்டு வருசத்துல சுவர் வெடிக்கும். அப்ப "கட்டடம் கட்டுனவன் சரியில்லை"ன்னு அவனைத் திட்டுவோம்.

ரெண்டாவது, "அந்தக் காலத்துல எவன் இதெல்லாம் பாத்தான்?" இதைக் கேட்டாத்தான் எனக்கு எரியுது. அந்தக் காலத்து ஆளுங்க நல்லாவே பாத்தாங்க. டவுனுக்குப் போற வழியில ஒரு பழைய அரிசி மில்லு இருந்துது. அதை இடிக்கறப்ப நான் நின்னு பாத்தேன். கட்டடம் அரை நாள்ல போச்சு. இஞ்சின் பெட்டை எடுக்க ரெண்டு நாள் பிரேக்கர் வச்சு அடிச்சாங்க. தரைக்குக் கீழ ஆள் உயரத்துக்கு இருந்துது. நம்ம தாத்தன் காலத்துல மாடு கட்டி ஆட்டுன செக்கை எடுத்துக்குங்க. எத்தனை பெரிய கல்லு, அதுல எத்தனை ஆழம் மண்ணுக்குள்ள! மாடு சுத்தற வேகத்துக்கே அவ்வளவு புதைச்சு வச்சாங்க. நிமிசத்துக்கு 1,440 சுத்தற மோட்டாருக்கு நாம அரை அடி போடறோம். அரை அடிங்கறது பழைய வழக்கம் இல்லீங்க. நம்ம தலைமுறை சோம்பேறித்தனத்துக்கு வச்ச பேரு அது.

மூணாவது, "அடியில ரப்பர் வச்சா ஆட்டம் தெரியாது." சின்ன மோட்டாருக்கு ரப்பர் உதவும். மெத்துனு இருக்கிற மண்ணை ரப்பர் கெட்டியாக்குமா? ஒரு பக்கம் எறங்கற பெட்டை ரப்பர் தூக்கிப் பிடிக்குமா?

மண்ணுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. எங்க ஊர்ல மேக்கால செவ்வல், கிழக்கால கரிசல். எடம் குடுத்திருக்கறது கிழக்கால, பழைய குட்டை ஓரத்துல. கரிசல் தண்ணி குடிச்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கும். வெள்ளாமை பண்றவனுக்கு இதைச் சொல்லித் தரணுமா? சித்திரையில கரிசக்காட்டு வெடிப்புல நம்ம கன்னுக்குட்டி கால் மாட்டிக்கிட்டது எல்லாருக்கும் தெரியும். அதே மண்ணு மேல நாலு லட்சத்தை வைக்கறப்ப மட்டும் மறந்துபோகுது. கரிசலைத் தோண்டி எடுத்துட்டுக் கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் போகணும். வரலைன்னா, எடுத்த எடத்துல கிராவலைப் போட்டு, அரை அடிக்கு ஒரு தடவை தண்ணி விட்டு இடிச்சு ஏத்தணும்.

மருமக இன்னொண்ணும் சொன்னா. தூளிய ஆட்டறப்ப, அது திரும்பி வர்ற நேரம் பாத்து விரலால தொட்டாப் போதும், தூளி உத்தரத்தைத் தொடும். நேரம் தப்பித் தள்ளினா எவ்வளவு தள்ளினாலும் ஆடாது. பெட்டும் மண்ணும் சேந்து ஒரு தூளி மாதிரி. அதுக்குன்னு ஒரு வேகம் இருக்கு. எந்திரத்தோட வேகமும் அதுவும் ஒண்ணாயிட்டா, எந்திரம் சின்னதா இருந்தாலும் ஆட்டம் பெருசாயிரும். அந்தக் கணக்கு நம்மால முடியாது. மண்ணைப் பாத்து இஞ்சினியர்தான் போடணும். 3 மடங்கு, 5 மடங்குங்கறது ஆரம்பக் கணக்கு, முடிஞ்ச கணக்கு இல்லை.

நாலாவது சமாதானம்தான் ரொம்ப மோசம். "அடுத்த வாரம் பெட்டு, அதுக்கடுத்த வாரம் திறப்பு விழா. பெரிய ஆளுகளை எல்லாம் கூப்பிட்டாச்சு." காங்கிரீட்டுக்குப் பத்திரிகை அடிச்சது தெரியாதுங்க. சாதாரண சிமெண்டே 7 நாள்ல மூணுல ரெண்டு பங்கு பலத்துக்குத்தான் வரும். முழுப் பலத்துக்கு 28 நாள் கணக்கு. இப்பக் கடையில கிடைக்கிற சிமெண்ட்டுல பாதிக்கு மேல சாம்பல் கலந்த பி.பி.சி. அதுக்குக் குறைஞ்சது 10 நாள் ஈரம் காயாமப் பாத்துக்கணும். நெல்லு நாத்துக்குத் தண்ணி கட்டறவனுக்குப் பெட்டுக்குப் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தத் தெரியாதா? சாக்கை நனைச்சுப் போட்டாக்கூடப் போதும். நான் மாப்பிள்ளைக்கு மூணாம் நாளே இஞ்சினை ஏத்தினவன். அதனால சொல்றேன்.

கலவையில தண்ணிய ஊத்தறதும் அப்படித்தான். மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல போகக் கூடாது, மண்ணுல இருக்கிற ஈரத்தையும் சேத்து. ஆனா தள்ளச் சுலபமா இருக்கட்டும்னு குடம் குடமா ஊத்தி ரசம் மாதிரி ஆக்கிருவாங்க. அந்தத் தண்ணி பூராம் ஆவியாப் போகறப்ப ஓட்டை ஓட்டையா விட்டுட்டுப் போகும். கெட்டியாக் கலக்கி வைப்ரேட்டர் விடணும். அந்த வாடகை ஒருநாள் டீச்செலவு. காலையில ஆரம்பிச்சா ஒரே மூச்சுல ஊத்தி முடிக்கணும். பாதிய இன்னிக்கு, மீதிய நாளைக்குன்னா அது ஒரு பெட்டு இல்லை, ரெண்டு பலகை.

அப்புறம் போல்ட்டு. பெட்டு காய்ஞ்ச பின்னாடி டிரில் போட்டு அடிக்கிற போல்ட்டு இந்த எந்திரத்துக்கு ஆகாது. அடியில வளைச்ச நீளப் போல்ட்டு வேணும். எந்திரத்தோட ஓட்டை அளவுக்குப் பலகையில மாதிரி வெட்டி, போல்ட்டு வர்ற எடத்துல குழி விட்டு ஊத்தணும். பெட்டு இறுகின பின்னாடி எந்திரத்தை எறக்கி, தகடு குடுத்து ரசமட்டம் பாத்து, அப்புறந்தான் அந்தக் குழியையும் எந்திரத்து அடியையும் சுருங்காத கிரௌட் ஊத்தி அடைக்கணும். அது இறுகின பின்னாடிதான் நட்டை முறுக்கணும். எந்திரமும் மோட்டாரும் ஒரே பெட்டு மேல இருக்கணும். எடை பெட்டுக்கு நடுவுல விழணும், ஓரமாப் போகக் கூடாது. எண்ணெய் சிந்தினா வழிஞ்சு ஓட வாட்டம் வேணும்.

கடைசியா, "கொத்தனாருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" எங்க ஊர்க் கொத்தனார் கட்டுன வீட்டுலதான் நான் குடியிருக்கேன். ஒரு சொட்டு ஒழுகாது. அவர் மேல எனக்கு மரியாதைதான். ஆனா அவர் கட்டுன சுவர் எதுவும் நிமிசத்துக்கு 1,440 தடவை சுத்தலையே! தப்பு அவருது இல்லை. "அரை அடி போதும்"னு அவர்கிட்டச் சொல்றது நாமதான். எந்திரம் விக்கிறவங்களைச் சொல்லணும். எந்திரத்துக்கு வண்ண வண்ணமா அட்டை அடிச்சிருக்காங்க. பெட்டு வரைபடம் எங்கன்னு கேட்டா, "லோக்கல்ல பாத்துக்குங்க சார்." லோக்கல்னா யாரு? நானும் என்னை மாதிரி நாலு பேரும்.

எல்லாத்துக்கும் இப்படிப் போடணும்னு நான் சொல்லலை. நீர்மூழ்கி மோட்டாருக்குப் பெட்டே வேண்டாம். சோளத்தட்டு வெட்டற சின்ன மிசினுக்குத் தளமே போதும். எதுக்கு எவ்வளவு வேணும்னு கேட்டுப் போடுங்கன்னுதான் சொல்றேன். கேட்காம அரை அடின்னு சொன்னதுக்கு நான் என்ன குடுத்தேன்னா, ஒண்ணும் குடுக்கலை. குடுத்தது என் மாப்பிள்ளை.

இந்த ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்குத் திரும்பக் கூட்டம். மருமக லீவு போட்டுட்டு வர்றா. அவ பேசறப்ப, "சின்னப்புள்ள, இவளுக்கு என்ன தெரியும்"னு யாராவது ஆரம்பிச்சா, அவங்கப்பா கைய மேல தூக்கிக் காட்டறேன்னு சொல்லியிருக்கார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். நான் சிரிக்கலை.

நான் கேட்கப்போறது மூணே மூணு. விக்கிறவங்ககிட்ட பெட்டு வரைபடத்தை எழுத்துல வாங்கணும். வாங்கற வரைக்கும் மீதிப் பணம் கட்டக் கூடாது. மண்ணைத் தோண்டிப் பாத்து ஒரு இஞ்சினியர் கையெழுத்துப் போடணும். திறப்பு விழாவ ஒரு மாசம் தள்ளி வைக்கணும். கூடுதல் காசு பிரச்சினைன்னா குழி வெட்டற கூலி என்னோடது, நானும் என் மகனும் கடப்பாரையோட வர்றோம். பத்தலைன்னா பேர்ப்பலகைக் காசை எடுங்க. அந்த மில்லு யாரோடதுன்னு நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும்.